சுவரில் சிரித்த ஹாம்காரன்

அத்தியாயம் 9

டாக்டர் லொவெல் ஷ்ராம் இதுவரை நாற்பத்தொரு முறை சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறார். முப்பத்தெட்டு முறை ஜூரி தூங்கியது. மீதி மூன்று முறை நீதிபதியும் சேர்ந்து தூங்கினார். இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்தது எதிரிகள் யாரும் இல்லை, அவரேதான். கல்லூரியில் உளவியல் நடத்துகிற மனுஷன், எண்ணிப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவரிடம் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று. கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? கொஞ்ச தூரம்தான் என்பது பதில். இந்தப் பதிலைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மணி நேரமும் முப்பது வரைபடமும் வேண்டும். அரசுத் தரப்பு வக்கீல் கடைசியில் எழுந்து, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஒரு கேள்வி கேட்பார். அத்தோடு ஷ்ராமின் ஆட்டம் க்ளோஸ்.

நாற்பத்திரண்டாவது முறை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இந்தத் தடவையும் சொதப்பினால் டஸ்டின் ஹோவ்லண்ட் என்ற இருபத்தாறு வயதுப் பையன் பன்னிரண்டு வருஷம் உள்ளே இருப்பான். கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். மனைவி கெல்சிக்கு எட்டாம் மாதம்.

நடந்தது இதுதான். போன நவம்பரில் ஒரு சாயங்காலம், கிரானைட் ஃபோர்க் ஊரின் மருந்துக்கடைக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து வலி மாத்திரை டப்பாக்களை அள்ளிக்கொண்டு போனான். கம்பளித் தொப்பி, மூக்கு வரை மஃப்ளர், கையுறை. விஸ்கான்சினில் நவம்பரில் பாதிரியாரும் அந்தக் கோலத்தில்தான் நடமாடுவார். கல்லாவில் இருந்த ஆர்டிஸ் பெக்கர் என்ற அறுபத்தேழு வயது அம்மாள் அவனை நாற்பது விநாடி பார்த்தார். அதில் முக்கால்வாசி நேரம் துப்பாக்கியைப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து போலீஸ் ஆறு புகைப்படங்களைப் பரப்பியது. நாலாவது படத்தின் மேல் ஆர்டிஸ் விரலை வைத்தார். அது டஸ்டின். எப்போதோ குடித்துவிட்டு ஸ்னோமொபீல் என்கிற பனி வண்டியை ஏரிக்குள் இறக்கியதற்காக எடுத்த படம், போலீஸ் கம்ப்யூட்டரில் கிடந்தது. அந்த விரலைத் தவிர வழக்கில் வேறு ஒரு சாட்சியமும் இல்லை. அந்த விரலை ஜூரி முன்னால் கொண்டுபோகலாமா கூடாதா என்பதைத்தான் திங்கட்கிழமை நீதிபதி முடிவு செய்யப் போகிறார்.

சனிக்கிழமை காலை ஷ்ராம் தன் அறையில் உட்கார்ந்து, போலீஸ் எடுத்த வீடியோவைப் பதினாலாவது தடவையாக ஓடவிட்டார். எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி மேசை மேல் போட்டுக்கொண்டு ஜோலீன் சீஸ் கட்டிகளைக் கொறித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இனி குடிகாரர்களின் பொய்யைக் கேட்டது போதும், வக்கீல்களின் பொய்யைக் கேட்கலாம் என்று துப்பறியும் லைசென்ஸ் எடுத்தவள். ஷ்ராமுக்கு உதவியாளர். அப்படித்தான் சம்பளச் சீட்டில் இருக்கிறது. நடைமுறையில் யாருக்கு யார் உதவி என்பது தெளிவில்லை.

வீடியோவில் ஆர்டிஸ் படங்களை மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்தொரு விநாடி கழித்து, "இவனை எங்கயோ பாத்திருக்கேன்" என்றார். அப்புறம், "இவனா இருக்கலாம்." போலீஸ்காரர், "சபாஷ், நாங்களும் அவனைத்தான் நெனச்சோம்" என்றார். ஆர்டிஸ் முகம் மலர்ந்து, "இவனேதான்" என்று முடித்தார்.

அந்த சபாஷைத்தான் ஷ்ராம் தன் அறிக்கையில் பன்னிரண்டு பக்கத்துக்குக் கிழித்திருந்தார். சந்தேகமாக வந்த சாட்சியை நிச்சயமாக வெளியே அனுப்ப ஒரு சபாஷ் போதும் என்பது அவருடைய கட்சி.

ஜோலீன் கொறிப்பதை நிறுத்தினாள். "டாக்டரே, ஒரு நிமிஷம். துப்பாக்கியை நீட்டினவனை யாராவது எங்கயோ பாத்திருக்கேன்னு சொல்வாங்களா? கல்லாப் பக்கத்துல பாத்தேன்னுல்ல சொல்லணும்."

ஷ்ராம் வீடியோவை நிறுத்தினார். பதினாலு தடவை பார்த்தவர். எத்தனை விநாடி, எத்தனை தடவை கண் சிமிட்டினார், பெருமூச்சு எத்தனை, எல்லாம் குறித்து வைத்திருந்தார். அந்த அம்மாள் வாயால் என்ன சொன்னார் என்பதை மட்டும் காதில் வாங்கவில்லை.

"அப்ப வேற எங்கயோ பாத்த முகம். அந்த எங்கயோ எங்க?" என்று முணுமுணுத்தார்.

ஜோலீன் எழுந்து திரையின் மூலையைத் தட்டிக் காட்டினாள். ஆர்டிஸின் கைப்பையிலிருந்து ஏதோ ஒரு மரப்பிடி எட்டிப் பார்த்தது. அது என்ன என்று கேட்டாள். ஹேர் பிரஷ் என்றார் ஷ்ராம். அறிக்கையிலும் அப்படியே எழுதியிருப்பதாக ஆதாரம் வேறு காட்டினார்.

"நாசமாப் போச்சு. அது மட்டை, டாக்டரே. இறைச்சிக் குலுக்கல் மட்டை. ஓரத்துல பச்சை பெயின்ட் அடிச்சிருக்கு பாருங்க, பிங்கிஸ் கடையோடது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. ராசியான நம்பர்னு சுருட்டிட்டுப் போயிடுவாங்க இந்தப் பாட்டிங்க. கோட்டை மாட்டுங்க, ரெண்டு மணிக்குக் குலுக்கல்."

*

பிங்கிஸ் மதுக்கடையில் அன்றைக்கு நிற்க இடம் இல்லை. சனிக்கிழமை மதியம் அந்த ஊரில் சொர்க்கத்தில் சீட்டுப் போட்டாலும் யாரும் வர மாட்டார்கள், பன்றி விலாவைப் பரிசாக வைத்துக் குலுக்கினால் வந்துவிடுவார்கள். எண் போட்ட மட்டையை டாலர் கொடுத்து வாங்க வேண்டும், சக்கரம் சுற்றி அந்த எண்ணில் நின்றால் மேசை மேல் இருக்கும் பொட்டலம் உங்களுடையது. சந்தேகம் வராமல் இருக்க ஷ்ராமும் மூன்று மட்டை வாங்கினார். டையும் கோட்டுமாக ஒரு பேராசிரியர் மூன்று மட்டையைக் கையில் விசிறி மாதிரி விரித்துக்கொண்டு நின்றால் சந்தேகம் வராமல் இருக்குமா என்று ஜோலீன் கேட்டாள்.

ஆர்டிஸ் பெக்கர் சுவர் ஓரத்து மேசையில் இருந்தார். பூப்போட்ட ஸ்வெட்டர், முன்னால் நாலு மட்டை. அவர் தலைக்கு மேலே சுவர் முழுக்கப் பரிசு வாங்கினவர்களின் புகைப்படங்கள். சாஸேஜ் மாலை போட்டவர்கள், கோழியைக் குழந்தை மாதிரி தூக்கி வைத்திருந்தவர்கள். ஷ்ராமின் கண் வரிசையாகப் போய், மூன்றாவது வரிசையில் குத்தி நின்றது.

ஒரு பெரிய ஹாமை, முழுப் பன்றித் தொடையை, மார்போடு அணைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் டஸ்டின் ஹோவ்லண்ட்.

ஷ்ராமுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் கத்திக்கொண்டிருப்பது இதுதானே? ஒரு முகத்தை ஓரிடத்தில் பார்த்திருப்போம், எங்கே என்பது மறந்துபோகும், முகம் மட்டும் தங்கும். அப்புறம் அதை வேறோர் இடத்தில் ஒட்டவைத்துவிடுவோம். சனிக்கிழமை தவறாமல் அந்த அம்மாள் இந்த முகத்துக்குக் கீழே உட்கார்ந்து மட்டையைத் தூக்குகிறார். போலீஸ் அதே முகத்தை நீட்டியதும், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறார். பின்னே இருக்காதா?

கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி, டஸ்டினின் வக்கீல் மார்ட்டிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. குரலைப் பதிவு செய்தார். "மார்ட்டி, லொவெல் பேசறேன். டஸ்டினோட போட்டோ பிங்கிஸ் கடைச் சுவத்துல இருக்கு. ஆர்டிஸ் தலைக்கு நேர் மேல. எட்டடி தூரத்துல நின்னு, நல்ல வெளிச்சத்துல பாத்தேன். அவனேதான். நூத்துக்கு நூறு."

திரும்பி வந்தபோது சக்கரம் அவருடைய எண்ணில் நின்றிருந்தது. கடை முழுக்கக் கை தட்டியது. இரண்டு பவுண்டு பேக்கனை, பன்றி இறைச்சிச் சீவலை, அவர் கையில் திணித்து, சுவருக்கு ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு சாட்சியை வேவு பார்க்க வந்தவரின் முகம், தேதியோடு, அதே சுவரில். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்று தன்னையே நொந்துகொண்டார்.

போதாக்குறைக்கு ஆர்டிஸே எழுந்து வந்தார். "தம்பி, அதைச் சட்டியில போட்டு வறுக்காதீங்க. ஓவன்ல வைங்க, சுருங்காது" என்றார். ஐம்பத்தொன்பது வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பதில் ஷ்ராமுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த அம்மாள் அதோடு போகவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகணும், அதை நினைத்தாலே தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று யாரென்றே தெரியாத அவரிடம் சொன்னார். "ஒரு பையனோட வாழ்க்கை பாருங்க. நான் பொய் சொல்றவ இல்ல தம்பி. பாத்ததைத்தான் சொன்னேன்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பது ஷ்ராமுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் தொந்தரவே. பொய்யரைக் குறுக்குக் கேள்வியில் மடக்கிவிடலாம். இவரை என்ன செய்வது? ஓவன் யோசனைக்கு நன்றி சொல்லிவிட்டு நழுவினார்.

ஜோலீன் கடைக்காரர் லென்னியிடம் பேசிவிட்டு வந்தாள். "உக்காருங்க டாக்டரே" என்றாள். நிற்கிறேன் பரவாயில்லை என்றார். "உக்காருங்கன்னா உக்காருங்க. அது டஸ்டின் இல்ல."

ஷ்ராம் சிரித்தார். எட்டடி தூரம், நல்ல வெளிச்சம், இரண்டு மாதமாக டஸ்டினின் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான், என்னிடமே சொல்கிறாயா என்றார். ஜோலீன் வாதாடவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மூஞ்சியை விடுங்க. ஹாமைப் பிடிச்சிருக்கிற கையைப் பாருங்க. எண்ணுங்க."

எண்ணினார். நாலு விரல்கள் இருந்தன. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. டஸ்டினுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது, போன வாரம்தான் சிறையில் அவனோடு கை குலுக்கியிருந்தார்.

லென்னி சொன்னதை அவள் கடகடவென்று ஒப்பித்தாள். அவன் பெயர் கர்ட். முழுப் பெயர் லென்னிக்குத் தெரியாது. மரம் அறுக்கும் மில்லில் விரலைக் கொடுத்தவன், வலிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து அதை விட முடியாமல் கிடந்தவன். போன வருஷம் முழுக்கச் சனிக்கிழமை தோறும் ஆர்டிஸுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மருந்துக்கடையில் மாத்திரை எந்தக் கிழமை வந்து இறங்கும் என்று அவரிடமே விளையாட்டாகக் கேட்பானாம். நவம்பர் பாதியிலிருந்து ஆளையே காணோம்.

ஷ்ராமுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆர்டிஸ் எங்கயோ பார்த்தேன் என்றது சுவரில் இருந்த படத்தை இல்லை. கொள்ளைக்காரனையே அவருக்கு முன்பே தெரியும். தொப்பிக்கும் மஃப்ளருக்கும் நடுவில் தெரிந்த கண்கள், ஒரு வருஷம் எதிரில் உட்கார்ந்து மட்டை தூக்கினவனுடையவை. போலீஸ் நீட்டிய ஆறு படத்தில் அவன் இல்லை. இல்லாதவனை எப்படிக் காட்டுவார்? கிட்டத்தட்ட அவன் ஜாடையில் இருந்தவனைக் காட்டிவிட்டார்.

ஜோலீன் படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த அம்மாள் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறார், காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். ஷ்ராம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரே ஒரு படத்தை நீட்டி இவனா என்று கேட்பது போலீஸ் செய்ததைவிடப் பெரிய பாவம், அதற்கு எதிராக அவரே நூறு பக்கம் எழுதியிருக்கிறார். தவிர, எதிர்த்தரப்பு சாட்சியைக் கலைத்தார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போகலாம்.

"அப்ப கோர்ட்டுல எதை வச்சு ஜெயிக்கப் போறீங்க? முப்பது வரைபடமா?"

ஜோலீன் அவருடைய போனைக் கண்ணால் காட்டினாள்.

"ஒரு சாட்சி இருக்காரு. நல்ல வெளிச்சத்துல பாத்தாரு, யாரும் துப்பாக்கி நீட்டல, இந்தப் படிப்பையே படிச்சவரு. நூத்துக்கு நூறுன்னு குரலும் பதிவாயிருக்கு. அவரே தப்பா அடையாளம் காட்டியிருக்காரு."

அது வெளியே வந்தால் இனி இந்த மாநிலத்தில் எந்தக் கோர்ட்டில் ஏறினாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்றார் ஷ்ராம். பிழைப்பு போய்விடும். வகுப்பில் பிள்ளைகள் ஹாம் பொம்மை வரைந்து வைப்பார்கள். ஜோலீன் அவருடைய பேக்கனைத் தடவிக்கொண்டே, நாற்பத்தொரு ஜூரியைத் தூங்க வைத்த பிழைப்புதானே என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே மார்ட்டிக்கு மறுபடி போன் போட்டார்.

*

திங்கட்கிழமை நீதிபதி வெர்னா கெய்ஸ்லர் விழித்துத்தான் இருந்தார். அரசுத் தரப்பு வக்கீல் டெய்னா ஃபிட்ச் இளம்பெண், கூர்மையானவள். ஆர்டிஸைச் சாட்சிகள் அறையில் உட்கார வைத்துவிட்டு அவள் ஷ்ராமைக் குடைய ஆரம்பித்தாள். உங்கள் ஆராய்ச்சியெல்லாம் மதிப்பெண்ணுக்காக வந்து உட்காருகிற கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் செய்ததுதானே என்றாள். ஆமாம் என்றார். நிஜ வாழ்க்கையில், தெருவில் நடமாடுகிற ஒரு மனுஷர் இவ்வளவு உறுதியாகச் சொல்லி முழுசாகத் தப்பாகிப் போனதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றாள்.

"பாத்திருக்கேன். போன சனிக்கிழமை. அந்த ஆள் நான்தான்" என்றார் ஷ்ராம்.

மார்ட்டி போனை மேசையில் வைத்து ஒலிக்கவிட்டார். அவனேதான், நூத்துக்கு நூறு என்று ஷ்ராமின் குரல் அந்தப் பெரிய அறை முழுக்கக் கேட்டது. பின்னணியில் யாரோ பன்றி விலா, பன்றி விலா என்று கூவிக்கொண்டிருந்தார்கள். நீதிபதியின் உதட்டோரம் துடித்தது. ஷ்ராமுக்குக் காது மடல் எரிந்தது. நாற்பத்திரண்டு தடவை ஏறியதில் முழு அறையும் அவரைக் கவனித்தது இதுதான் முதல் தடவை. இப்படியா கவனிக்க வேண்டும் என்று இருந்தது.

மார்ட்டி சுவர்ப் படத்தையும் டஸ்டினின் போலீஸ் படத்தையும் நீதிபதியிடம் கொடுத்தார். இரண்டும் முகம் மட்டும் தெரியும்படி ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன, பெயர்கள் பின்பக்கம். ஃபிட்ச் அருகில் போய்ப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"டாக்டருக்குக் கண்ணாடி மாத்தணும்போல இருக்கு, யுவர் ஆனர். இதுல என்ன குழப்பம்? மூணு மாசமா இந்த முகத்தோட ஃபைலை வச்சிருக்கேன். இதோ, இவர்தான் குற்றம் சாட்டப்பட்டவர்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

டஸ்டின் அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் போல ஒரு கையைக் கொஞ்சமாக உயர்த்தினான்.

"அது நான் இல்லீங்க மேடம்."

ஃபிட்ச் படத்தைத் திருப்பினாள். கர்ட் என்று எழுதியிருந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து ஷ்ராமுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பாவம், அவளுக்கு இருந்த நிச்சயம் அவருக்கும் இருந்ததுதான். அவள் நல்ல வக்கீல் என்பதற்கு அடையாளம், மழுப்பாமல் இடைவேளை கேட்டாள்.

இடைவேளை இரண்டு மணி நேரம் நீண்டது. கர்ட்டின் படத்தைப் பக்கத்துக் கவுண்டி ஷெரிஃபுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பத்தே நிமிஷத்தில் போன் வந்தது. நாலு விரல்காரன் ஆறு வாரமாக அவர்கள் சிறையில்தான் இருக்கிறான், அங்கேயும் மருந்துக்கடைதான், அங்கேயும் மஃப்ளர்தான். அள்ளின டப்பாக்களில் இரண்டு கிரானைட் ஃபோர்க் கடையின் முத்திரையோடு அவன் வண்டியில் கிடந்திருக்கிறது. எந்த ஊர்க் கடை என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. ஃபிட்ச் வழக்கை வாபஸ் வாங்கினாள். அப்புறம் அவளே சாட்சிகள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆர்டிஸிடம் பேசினாள்.

மூன்று மணிக்கு ஷ்ராம் கோர்ட்டு வாசல் கதவருகே நின்று கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. சனிக்கிழமை பார்த்த பேக்கன்காரரை அவர் அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. யாருக்காகவோ காத்திருப்பது போலக் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. நிறைமாதத்தை நெருங்கிய பெண், அவளைத் தோளோடு அணைத்தபடி கோட்டும் தொப்பியுமாக ஒருவன். ஆர்டிஸ் அனிச்சையாகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "பாத்துக் கூட்டிட்டுப் போப்பா, படியெல்லாம் ஐஸ்" என்றார்.

அந்தப் பெண் ஆர்டிஸைப் பார்த்ததும் விறைத்துப் போய் நின்றாள். அவன் அவள் தோளை அழுத்தி, ஆர்டிஸைப் பார்த்து, "தேங்க்ஸ்ங்க மேடம்" என்றான். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

ஆர்டிஸ் கதவை விட்டுவிட்டு ஷ்ராமிடம் திரும்பினார். "தம்பி, உங்களுக்குத் தெரியுமா? அந்தப் பையன் டஸ்டினை எப்ப வெளிய விடுவாங்க? நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்காம வீட்டுக்குப் போக மாட்டேன்."

இரண்டு மணி நேரம் பேசத் தெரிந்த மனுஷருக்கு இந்த ஒரு வாக்கியம் வர மறுத்தது.

"இப்பதான் போனாரும்மா. நீங்கதான் கதவைப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க."

ஆர்டிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல், ஐஸ் படிந்த படிக்கு ஓடினார். ஷ்ராம் பின்னாலேயே போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆங்காங்கே மூன்று நாலு ஜோடிகள் தொப்பியும் கோட்டுமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதில் எவன் என்று ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒருவன் திரும்பினான்.